இரும்புக்குப் போர்த்திய பொன்னாடை

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: மனிதகுலத்தின் எரிசக்தி வரலாற்றில் இன்று காலை பத்தரை மணிக்குப் பிளாட்டினம் பதவி விலகுகிறது. அந்த இடத்தை இரும்பு ஏற்கிறது. சிற்றுண்டி உண்டு.

பதவி, எரிபொருள் மின்கலத்துக்குள். அங்கே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் மின்சாரம் வரும். தானாகச் சேராது, முடுக்கிவிட ஒரு வினையூக்கி வேண்டும். இத்தனை நாள் அந்த வேலையைப் பிளாட்டினம் பார்த்தது. விலைதான் கட்டுப்படியாகவில்லை. தமயந்தி இந்த ஆய்வுக்கூடத்தில் எட்டு வருஷம் ஒப்பந்த ஊழியராக இருந்து, இரும்பைக் கரியோடு சேர்த்துச் சூளையில் வறுத்து, அதே வேலையைப் பார்க்கவைத்தாள். இன்று மின்கலத்தில் மாட்டிய விளக்கு இரும்பால் எரிந்தால் அவள் வேலை நிரந்தரம். ஆணை, இயக்குநர் அருமைநாயகத்தின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

மேடையின் நடு நாற்காலியில், கண்ணாடித் தட்டில், மூன்று கிராம் இரும்பு வீற்றிருந்தது. பிளாட்டினத்துக்கு நாற்காலி போடவில்லை. கதவோரம் நின்றது.

இயக்குநர் இரும்புக்குப் பொன்னாடை போர்த்தினார். ஸ்டோர் கீப்பர் சேவியர் எழுந்தார்.

"சார், இரும்பு விலை ஏறிடுச்சு."

"எவ்வளவு?"

"வெள்ளி ரேட்டுக்கு வந்துடுச்சு."

"சந்தோஷம். அடுத்து துணை இயக்குநர்கள்."

துணை இயக்குநர்கள் ஐந்து பேர். போர்த்த ஒருவரை அழைக்காமல் விட்டால் அவர் அப்புறம் பேசமாட்டார். மூன்றாவது பொன்னாடையில் இரும்பு பிளாட்டினத்தை நெருங்கியது. ஐந்தாவதில் இரண்டு துப்பாக்கிக் காவலர்கள் வந்து நாற்காலிக்கு இருபுறமும் நின்றார்கள்.

"இப்ப பிளாட்டினத்தைவிட ஜாஸ்தி சார்."

தமயந்தி எழுந்தாள். "சார், இது மலிவு உலோகத் திட்டம். பொன்னாடையை எடுத்துடுங்க."

"போர்த்தினதை உருவினா நல்லாவா இருக்கும்மா? சேவியர், இருக்கிறதிலேயே மலிவு எது?"

சேவியர் பட்டியலைப் பார்த்தார். "அதோ, கதவோரம் நிக்குதே சார். அதை யாரும் கண்டுக்கலை."

பிளாட்டினம் மின்கலத்துக்குள் போயிற்று. விளக்கு எரிந்தது. இயக்குநர் ஆணையில் தமயந்தியின் பெயரை அடித்து, பிளாட்டினம் என்று திருத்தி, மின்கலத்தின் மேல் வைத்தார்.

"அப்ப நான் சார்?"

"உனக்கும் ஒண்ணு போர்த்த ஆசைதான். போர்த்தினா எங்களுக்குக் கட்டுப்படியாகாதே."

மிச்சமிருந்த பொன்னாடையைத் தமயந்தியே எடுத்துப் போர்த்திக்கொண்டாள். சேவியர் பட்டியலைப் பார்த்தார். அவள் விலை இரும்பையும் தாண்டியிருந்தது.

"சார், இவங்களை வெளியே வைக்கிறது பாதுகாப்பில்லை."

இரும்பையும் அவளையும் பீரோவுக்குள் வைத்தார்கள். உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க இரும்பாம்மா?" என்றார் ஒருவர். "நான் இதையே நிக்கல்ல பண்ணினேன். சார் கோபால்ட். சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

வெளியிலிருந்து பூட்டினார்கள். தமயந்திக்குப் பணி நிரந்தரமாயிற்று.