பச்சைக் கார்ட், சிவப்புக் கார்ட், உப்புக்காற்று

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. புத்தளத்தில் பாயிஸின் கணினிக் கடையில், என் மடிக்கணினியின் விசைப்பலகையை மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, அது பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தது.

முப்பது வயதிருக்கும். மடியில் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் துவாயில் சுற்றிய கிராபிக்ஸ் கார்ட். கணினிக்குள் இருந்து படங்களை வரைந்து தரும் பலகை அது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. பாயிஸ் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சி எந்தப் பக்கம்?”

“ஆலங்குடா.”

“அதானே பாத்தன். இது கார்ட் இல்ல புள்ள, கருவாடு.”

“வாரண்டி இன்னும் ஆறு மாசம் இருக்கே!”

“கார்டுக்கு இருக்கு. துருவுக்கு இல்ல. இந்தா, பில்லுக்குப் பின்னால எழுதியிருக்கு, வாசிங்க.”

(உண்மையிலேயே எழுதியிருந்தது. எரிந்த தடம், உடைவு, துரு ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை. கடலோரத்தில் வாழ்வதற்குப் பொறுப்பில்லை என்று நேராகவே எழுதியிருக்கலாம்.)

பிறகு இரண்டு புதுப் பெட்டிகளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஒன்று பச்சை, மற்றது சிவப்பு. கம்பனிப் பெயர்களை எழுதப் போவதில்லை. இதைப் பாவிப்பவர்கள் நிறத்தை வைத்தே சண்டை பிடிக்கிறார்களாம். அவள் இரண்டையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, அக்கா முறையில் கேட்டாள்.

“ராத்தா, நீங்க சொல்லுங்களே. குடுக்கிற காசுக்கு எது பெறுமதி?”

எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

2

தொடக்கங்கள்.

“மர்ளியா கடலைப் பார்த்தபடி” – வேண்டாம். கடலைப் பார்த்தபடி நிற்கும் பெண்கள் என் அலுமாரியில் ஏற்கெனவே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

“அவளுக்கும் அலைகளுக்கும் நடுவே ஒரு ஜன்னல் மட்டுமே” – அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.

சரி, தெரிந்ததைச் சொல்கிறேன். மர்ளியா (பெயர் நான் வைத்தது; கேட்கத் தோன்றவில்லை) இன்னும் கட்டப்படாத வீடுகளை வரைகிறாள். கட்டாரில் இருப்பவர்கள் ஊரில் கட்டப்போகும் வீட்டைக் கைபேசியில் பார்த்துவிட்டு, படிக்கட்டை இடப்பக்கம் மாற்றச் சொல்வார்கள். இப்போது வெளிநாட்டு அலுவலகம் ஒன்று அவளுக்கு ஒரு பரீட்சை வைத்திருக்கிறது. இல்லாத ஹோட்டல் ஒன்றுக்குள் நடந்து செல்வதுபோல் மூன்று நிமிடப் படம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். எடுபட்டால் வீட்டிலிருந்தபடியே மாதச் சம்பளம். எடுபடாவிட்டால் ஜோர்தானில் தையல் தொழிற்சாலை. பாஸ்போட் ஏற்கெனவே ஏஜென்டின் மேசை லாச்சிக்குள். இவ்வளவையும் அவள் பாயிஸுக்குச் சொல்ல, நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அன்று வியாழக்கிழமை.

இரண்டாவது பிரதியில் அவளுக்கு ஒரு மகளைக் கொடுத்திருந்தேன். ஆறு வயது, முன்பல் விழுந்தவள். அழித்துவிட்டேன். மர்ளியாவுக்குப் போக விருப்பமில்லை. ஒரு பெண் போகாமலிருக்க அது போதாதா?

3

அவளிடம் ஒரு கொப்பி இருந்தது. பக்கம் பக்கமாகக் கட்டங்கள்: விலை, வேகம், நினைவகம், மின்சாரம், ஒரு ரூபாய்க்கு எத்தனை படம்.

“மூணு நாளா யூடியூப்ல எல்லா வெள்ளக்காரனையும் கேட்டு முடிச்சிட்டுத்தான் என்கிட்ட வந்திருக்கீங்க” என்றார் பாயிஸ்.

“அவங்க ஒருத்தரும் ஒரே பதில் சொல்றாங்க இல்லியே.”

“நான் சொல்றன். பச்சை கெதியா வரையும். நீங்க பாவிக்கிற சொப்ட்வெயார் அதோட நல்ல சிநேகம். ஆனா உள்ளுக்கு இடம் பாதி. சிவப்புல இடம் ரெண்டு மடங்கு, விலையும் இருபத்தஞ்சாயிரம் குறைவு. ஆனா உங்கட வேலைக்கு ஆறுதலாத்தான் நடக்கும். வேகம் வேணுமா, இடம் வேணுமா?”

“ரெண்டும்.”

“ரெண்டும் வேணுமெண்டா கொழும்பில ஒண்டு இருக்கு. விலையச் சொன்னா இதிலயே மயங்கி விழுவீங்க. பொறகு தண்ணி தெளிக்கிறதும் நான்தான்.”

அவள் சிரித்தாள். (இது மட்டும் நான் சேர்த்ததல்ல.)

எந்தக் கட்டத்திலும் உப்பு இல்லை. கணினி சூடாகிறதென்றால் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கடல் பக்கம் திருப்பி வைப்பது அந்தக் கரையின் பழக்கம். காய்ச்சல்காரரிலிருந்து கணினி வரை எல்லாவற்றையும் அங்கே காற்றுப் படும் இடத்தில்தான் வைப்பார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்காகத்தானே வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே கடலில் சறுக்க வருகிறார்கள்! அதே காற்று மர்ளியாவின் மேசைக்கும் வந்தது. பழைய கார்டை ஒன்றரை வருடம் மெல்ல மெல்லத் தின்றது.

சிவப்பை எடுத்தால் மிஞ்சும் இருபத்தையாயிரத்தில் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு, விளிம்பில் றப்பர் வைத்து அடைக்கலாம். இதைப் பாயிஸ்தான் சொன்னார். அவள் கொப்பியைப் புரட்டினாள். பதிலை நான் சொல்லவைத்தேன்:

“ஜன்னல அடச்சிட்டா நான் எங்க இருந்தாலும் ஒண்டுதானே. பொறகு என்னத்துக்குப் போக மாட்டன் எண்டு நிக்கிறன்?”

வாசகரே, இந்த வரியை அவள் சொல்லவேயில்லை. அது என்னுடையது. ஜன்னல்களை அடைத்துக்கொண்டு எழுதுகிறவள் நான்.

4

வெள்ளி பிற்பகல் தூக்கத்தில் அந்த ஹோட்டலுக்குள் போனேன்.

படம் வரையப்படும் விதத்தைப் பாயிஸ் எனக்குக் காட்டியிருந்தார். முதலில் திரை முழுக்க மணல் வீசியது போலப் புள்ளிகள். கணினி ஒவ்வொரு ஒளிக்கதிராகப் பின்தொடர்ந்து கணக்குப் பார்க்க, மணல் அடங்கி ஒரு சுவர் தெரியும். பிறகு சுவரில் ஒரு நிழல். பிறகுதான் நிழலுக்குரிய மரம்.

நான் நடந்த தாழ்வாரம் இன்னும் மணலாக இருந்தது. கால் வைத்த இடத்தில் மட்டும் தரை வந்தது. தூரத்தில் மர்ளியா ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முகம் வந்திருக்கவில்லை.

“கொஞ்சம் நில்லுங்க ராத்தா” என்றாள். “வெளிச்சம் வரட்டும்.”

விழித்ததும் இரண்டு முடிவுகளை எழுதினேன்.

அ) பச்சை. படங்கள் வேகமாக வருகின்றன. ஆனால் ஹோட்டலைச் சுற்றி அவள் நட்ட தென்னைகள் முழுவதற்கும் உள்ளே இடமில்லை. ஒவ்வொன்றாக அழிக்கிறாள். நாற்பது, முப்பது, பதினொன்று. கடைசியில் ஹோட்டல் வெட்டவெளியில் நிற்கிறது. படம் நேரத்துக்குப் போய்ச் சேருகிறது. அங்கே ஒருவர் அதைப் பார்த்து

(நிறுத்துகிறேன். அந்த ஒருவரின் முகம் எனக்குத் தெரியாது.)

ஆ) சிவப்பு. தென்னைகள் எல்லாம் இருக்கின்றன, ஓலையின் ஒவ்வொரு கீற்றும். மூன்று நிமிடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் படங்கள், ஒரு படத்துக்கு நூறு விநாடி. அவள் கொப்பியில் பெருக்கிப் பார்க்கிறாள். திங்கள் பத்து மணி போதாது. செவ்வாய் மாலை உலகத்திலேயே அழகான ஹோட்டல் தயாராகிறது, யாருக்கும் தேவையில்லாமல்.

இரண்டும் பரவாயில்லாத முடிவுகள். ஒரு சஞ்சிகைக்கு அனுப்பலாம்.

5

ஆனால் முதலாம் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

பாயிஸ் அவளோடு கதைத்துக்கொண்டே இருந்தார். என் விசைப்பலகை மேசையில் கழன்று கிடந்தது. என் பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. அவள் கேட்டபோது நான் ஒரு பெட்டியின் மேல் விரலை வைத்தேன்.

“இத எடுங்க. நானும் இதத்தான் பாவிக்கிறன்.”

என் மடிக்கணினிக்குள் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

“இவங்க புத்தகமெல்லாம் எழுதுறவங்க” என்று பாயிஸ் வேறு சொல்லி வைத்திருந்தார். அவள் மூன்று நாள் எழுதிய கொப்பியை மூடினாள்.

“அப்ப சரி ராத்தா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

கதாபாத்திரங்கள் இப்படித்தான் எனக்குக் கீழ்ப்படிவார்கள். ஒரு மனுஷி கீழ்ப்படிந்து அன்றுதான் பார்த்தேன். அவள் எழுந்த கதிரையில் என் பையைத் தூக்கி வைத்தேன். பஸ்ஸையும் பிடித்தேன்.

6

இன்று திங்கள். காலை ஏழு மணி. பில்லில் அவளுடைய தொலைபேசி இலக்கம் இருக்கும். கேட்டால் பாயிஸ் தருவார். மூன்று தடவை அவருக்கு அழைக்கக் கைபேசியை எடுத்தேன், மூன்று தடவையும் அதை வைத்துவிட்டு இந்தப் பக்கங்களைத் திருத்தினேன். ஆலங்குடாவில் இப்போது கடைசிப் படங்கள் வந்துகொண்டிருக்க வேண்டும். அல்லது அவள் கணக்குப் பார்த்துவிட்டு எழுந்து போய், உடுப்புகளை மடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எந்தப் பெட்டியில் விரலை வைத்தேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் விலைகளைத் தேடுவீர்கள், வேகங்களை ஒப்பிடுவீர்கள், நான் சொன்னது தற்செயலாகச் சரியாக இருந்தால் என்னை மன்னித்தும் விடுவீர்கள். அப்படியொரு மன்னிப்பு எனக்கு வேண்டாம்.

கீழே ஒரு வசனத்தை அரைகுறையாக விடுகிறேன். நிறத்தை நீங்கள் போடுங்கள். போடுவதற்கு முன், பஸ்ஸைத் தவறவிட்டாவது, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்தக் கொப்பியைத் தரச் சொல்லி வாங்கி, முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள்.

மர்ளியா (…………) பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கி