கீழ் அடுக்கிலும் சாமிக்கல்

அருங்காட்சியகத்தின் பின்னறையில் உடைந்த மண்டையோடுகளை ஒட்டுவதுதான் அவள் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் எலும்பு டாக்டர். அகழாய்வில் தோண்டிய குழியின் கீழ் அடுக்கில் கிடைத்த மண்டைகளில் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டவை. பல நூறு வருஷம் பிந்திய மேல் அடுக்கில் வெட்டுக்காயமே அபூர்வம். அதே மேல் அடுக்கில் ஒரு சாமிக்கல்லும் கிடைத்தது. போதாதா? "சாமி வந்தது, சண்டை குறைந்தது" என்று காட்சிக்கு வைக்கப் பலகை எழுதச் சொன்னார் மேலாளர். எழுதியும் விட்டாள். இன்று காலையில் பார்த்தால் கீழ் அடுக்கிலும் ஒரு சாமிக்கல்! அட கஷ்டகாலமே, அப்படியானால் சண்டையைக் குறைத்தது யார்?

அவள் மண்டை காய்ந்து கிடந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. இனி அவள் வீட்டோடு வந்து இருக்கப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். இன்று பதில் சொல்லியாக வேண்டும். பெல்ட்டால் விளாசி விளாசி அவளை வளர்த்த மனிதர். இப்போது எந்நேரமும் பிரார்த்தனைதானாம், எறும்பைக்கூட மிதிப்பதில்லையாம். அண்ணன் சத்தியம் பண்ணுகிறான். வீட்டில் அவளுக்குச் சின்னஞ்சிறு மகள் இருக்கிறாள். நம்புவதா வேண்டாமா, ஒரு மண்ணும் புரியவில்லை.

மதியம் அப்பாவே பையும் கையுமாக வந்து நின்றார். மேசைமேல் இருந்த மண்டையின் பிளவைக் குனிந்து பார்த்தார்.

"இந்த அடியிலதான் செத்தானா?"

"இல்லப்பா. விளிம்பு மழுங்கியிருக்கு பாருங்க. அடிபட்டு, ஆறி, அப்புறமும் ரொம்ப நாள் வாழ்ந்திருக்கான்."

அப்பா அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "நீ நல்லா இருக்கணும்மா" என்று ஆசீர்வாதம் பண்ணக் கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான். அவள் தலை தானாகக் குனிந்தது, முழங்கை முகத்தை மறைத்தது. வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்பா விழித்தார்.

"உங்களை மாத்தினது சாமியாப்பா? இல்ல, வயசா?"

"தெரியலையேம்மா. அப்பவும் கும்பிட்டுட்டுத்தான் அடிச்சேன்."

பாவி மனுஷன், ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பாள். பலகையில் 'சாமி வந்தது' என்பதை மட்டும் அழித்துவிட்டு, அவர் பையை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம். ஆனா கையை மெதுவாத் தூக்குங்கப்பா. பாப்பாவுக்கு அடின்னா என்னன்னே தெரியாது, அவ பயப்பட மாட்டா. எனக்காகத்தான் சொல்றேன்."