எழவுக்கு வந்து பட்டணம் பார்த்தது

"நீங்க போங்க. எம் பொண்ணு மூஞ்சியப் பாக்காம நான் பஸ்ஸு ஏற மாட்டேன்..."

"ஏ புள்ள, நடுரோட்டுல நின்னுகிட்டு..."

"நடுரோடுதான். இந்த ஊர்ல எனக்கு வேற எந்த எடம் இருக்கு?"

"தொண்டயக் கொற. சாவு வூட்டுப் பந்தல் இன்னும் கண்ணுக்குத் தெரியுது. கேக்குறவன் என்ன நெனைப்பான்?"

"அழுவுறாள்னு நெனைப்பான். எழவுக்கு வந்தவ அழுவாம சிரிப்பாளா?"

அய்யம்பெருமாள் ஈரத்துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். வியாசர்பாடிச் சந்து முனையில் ஒரு பூட்டிய கடை. அதன் முன்னால் ஈரத்தலையோடு நின்றார்கள் அவரும் பெண்டாட்டி அம்சவள்ளியும். விடிகாலையில் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் தெளித்துவிட்டு, தலை முழுகி, சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது முறை. அந்த முறைப்படிதான் கிளம்பினார்கள். தெருமுனை வருவதற்குள் சண்டை பிடித்துக்கொண்டது.

செத்தது அய்யம்பெருமாளின் பெரியப்பா மகன் தர்மராஜ். பிழைக்க வந்து பட்டணத்தோடு தங்கிவிட்ட மனுசன். பச்சைமலை அடிவாரத்தில் அவர்கள் ஊரான அரும்பாவூருக்குச் சேதி வந்தபோது அம்சவள்ளி பட்டணத்துக்குத்தான் பை கட்டிக்கொண்டிருந்தாள். மகள் பிரவீணாவுக்குத் தலைப்பிரசவம். ஊரில் வளைகாப்பு முடிந்து திரும்பிய பிறகு அசையக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் தாய்வீட்டுக்கு வரமுடியாமல் பட்டணத்தில் புருசன் வீட்டோடு இருந்துதான் பெற்றாள். பெண் குழந்தை. இடித்த சுக்கு, பூண்டு, கருப்பட்டி, முதல் அறுப்புச் சின்ன வெங்காயம் என்று பை நிறைந்துகொண்டே வந்தது. வாய் கட்டப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு ஓடி வந்து, "அக்கா, மாமாவுக்குப் போன் வந்திருக்கு, தர்மராஜ் அண்ணன் போயிட்டாராம்" என்றாள். பை அப்படியே நின்றது. எந்த ஊருக்குக் கிளம்பினாளோ அதே ஊருக்கு வெறுங்கையோடு வேனில் ஏறினாள்.

"பங்காளி சாவு," என்றார் அய்யம்பெருமாள், தணிந்த குரலில். "பதினாறு முடியிற வரைக்கும் நமக்குத் தீட்டு. பச்ச உடம்புக்காரி இருக்குற வூட்டு வாசப்படிய மிதிக்கலாமா? ஒனக்குத் தெரியாததா?"

"அவளும் உங்க ரத்தந்தான?"

"கட்டிக்குடுத்துட்டமே. இப்ப அவ வேற வூட்டு ஆளு. அவளுக்கு இந்தத் தீட்டு இல்ல. இல்லாத தீட்ட நாம கொண்டுபோயி எறக்கக் கூடாதுல்ல?"

"வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துடுறேன்."

"மூணாவது மாடி. கீழ வாசல்ல நின்னா காக்காதான் தெரியும். அதுவுமில்லாம அங்க தா.பழூரு சம்பந்தியம்மா உக்காந்திருக்கு. கொள்ளிடத் தண்ணி குடிச்சு வளந்தவங்க. 'மலையோரத்துக்காரங்களுக்கு மொறையுந் தெரியாது, மண்ணுந் தெரியாது'ன்னு காலத்துக்கும் அவளக் குத்திக் காட்டும். நம்ம பொண்ணுதான் கேக்கணும்."

அது உண்மை. அம்சவள்ளி மொட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

"போன்லயாவது சொல்லிடலாம், ஏன் வரலன்னு."

"சாவு சேதியப் புள்ள பெத்தவ காதுல போடுவியா? ஊர்ல இருந்தப்ப தர்மராஜ் தூக்கி வளத்த பொண்ணு அவ. கேட்டா பாலு வத்திரும்."

அதுவும் உண்மை. எல்லாப் பக்கமும் உண்மையாக அடைத்துவிட்டால் மனுசி எந்தப் பக்கம் போவாள்?

அய்யம்பெருமாளுக்கு அவள் அழுதால் கை ஓடாது, கால் ஓடாது. "சரி, இப்பவே பஸ் ஏற வேணாம். இருட்டுனப்பறம் கோயம்பேட்டுல ஏறிக்கலாம். அதுவரைக்கும் பட்டணத்தச் சுத்திக் காட்டறேன். வெங்காய லாரியில கூட வந்தவன் நான். காசில்லாம பாக்குறதுக்கு இந்த ஊர்ல ஆயிரம் இருக்கு."

"ஆயிரம் இருக்கட்டும். நான் கேட்டது ஒண்ணு."

ஆனாலும் பின்னாலேயே நடந்தாள்.

முதலில் கடற்கரை. வெயில் ஏறிவிட்டிருந்தது. சமாதிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அய்யம்பெருமாள் உற்சாகமாகக் கூப்பிட்டார். "வா, வந்து இந்தக் கல்லுல காத வெய்யி. உள்ள கடிகாரம் ஓடுற சத்தம் கேக்கும்பாங்க. சனமெல்லாம் வெக்கிது பாரு."

"சாவு வூட்டுலேருந்து கெளப்பி சமாதிக்கா கூட்டியாந்தீங்க?"

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை சிரித்துவிட்டது. அய்யம்பெருமாளும் சிரித்தார். அம்சவள்ளி மட்டும் சிரிக்கவில்லை.

"கோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாம்னா தீட்டு," என்றார், குற்றம் செய்தவர் மாதிரி.

மணலில் நடந்து கடலுக்கு வந்தார்கள். அவள் கடல் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பச்சைமலை எவ்வளவு உயரமோ அவ்வளவு அகலம் என்று மனசுக்குள் அளந்து பார்த்தாள், அளவு பத்தவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். காலடியில் மண் நழுவியது.

"எப்புடி?" என்றார், கடலை அவரே வெட்டி வைத்த மாதிரி.

"நல்லாருக்கு."

"அவ்ளோதானா?"

"வளைகாப்பு முடிஞ்சி கெளம்புறப்ப சொன்னா. 'அம்மா, நீ புள்ளையப் பாக்க வருவல்ல, அப்ப நாந்தான் ஒனக்குக் கடலக் காட்டுவேன், அதுவரைக்கும் யாருகூடயும் பாத்துடாத'ன்னா."

அய்யம்பெருமாள் மணலைக் கிளறிக்கொண்டு நின்றார். "பாக்காத மாதிரி இருந்துக்க," என்றார் கடைசியில். "அவ காட்டுறப்ப வாயப் பொளந்துடு."

தள்ளுவண்டியில் தயிர்ச்சோறு வாங்கி நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். சுற்றிலும் எத்தனையோ சனம். குடும்பம் குடும்பமாக, ஜோடி ஜோடியாக. யாருக்கும் யார் வீட்டுத் தீட்டும் தெரியாத ஊர். ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள், சொல்லி அழுதிருக்கலாம். இங்கே சொல்லுவதற்கு ஒரு முகம் இல்லை. ஒரே ஒரு முகம் இருக்கிறது, அதனிடம் சொல்லக் கூடாது.

கோட்டை ஸ்டேஷனுக்கு நடந்து போய் மின்சார ரயில் ஏறினார்கள். மாம்பலத்தில் இறங்கினால் பெரிய பெரிய ஜவுளிக்கடை, உள்ளே போனால் குளுகுளுவென்று இருக்கும், ஒன்றும் வாங்காமலே ஒரு மணி நேரம் நிற்கலாம், ஒருத்தனும் கேட்க மாட்டான் என்றார். அது மட்டும் சரியாக இருந்தது. ஏசி காற்றில் அவளுடைய கொண்டைக்குள் காயாமல் கிடந்த ஈரம் சில்லிட்டது. அய்யம்பெருமாள் தூணில் சாய்ந்து கண்ணை மூடினார். அம்சவள்ளியின் கால் தானாக ஒரு பக்கம் போனது. குழந்தைச் சட்டைகள். உள்ளங்கை அகலத்தில் ஒன்று, மஞ்சளில் வாத்துப் பொம்மை போட்டது.

"பாப்பாவாம்மா, பையனா?" என்றாள் அங்கே நின்ற கடைப்பெண்.

"பாப்பா." வாய்விட்டு இன்னொரு மனுசியிடம் அதைச் சொன்னது அப்போதுதான். "எம் பொண்ணுக்குப் பொறந்திருக்கு. பேத்தி."

"எத்தன மாசம்மா?"

"மாசமா? இன்னும் ஒரு வாரங்கூட ஆவல."

"அப்ப இதாம்மா சைஸு. யாரு மாதிரிம்மா இருக்கா? பொண்ணு மாதிரியா, மாப்பிள்ளை மாதிரியா?"

அம்சவள்ளி சட்டையை மடித்து வைத்தாள். மடிப்பு சரியாக வரவில்லை, திரும்பவும் பிரித்து மடித்தாள். "எங்க மாமியா மாதிரி," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அய்யம்பெருமாள் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"தீட்டோட வாங்கக் கூடாது புள்ள."

"வாங்கல. தொடத்தான் செஞ்சேன்."

திரும்ப ரயிலடிக்கு வந்தபோது அவள்தான் கேட்டாள். "இந்த ரயிலு இன்னும் எவ்ளோ தூரம் போவும்?"

"தாம்பரம் வரைக்கும். போற வழியில ஏரோப்ளேன் எறங்குறது தெரியும், தலைக்கு மேலயே வரும். அதுக்கும் காசில்ல. போலாமா?"

"போலாம்."

இடது கைப்பக்கம் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அய்யம்பெருமாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் வானத்தைப் பார்க்கவில்லை. பிரவீணா போனில் சொன்னது ஒவ்வொன்றும் மனப்பாடம். 'பழவந்தாங்கல் ஸ்டேஷன் தாண்டுனதும் எடது பக்கம் ரோஸ் கலரு கட்டடம்மா. மூணாவது மாடி எங்களுது. ரயிலு போனா டம்ளரெல்லாம் ஆடும். மொதல்ல தூக்கமே வரல, இப்பப் பழகிருச்சு.'

பழவந்தாங்கலில் வண்டி நின்று கிளம்பியது. அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டாள். ரோஸ் கலர் வந்தது. மூணாவது மாடி. கொடிக்கயிறு நிறையக் கிழித்த துணி காய்ந்தது. எல்லாம் ஒரே சேலையின் துண்டுகள், வெளுத்த பச்சையில் வெள்ளைப் புள்ளி. வளைகாப்பன்று, 'பொறந்த புள்ளைக்குப் பழைய துணிதான் மெத்துன்னு இருக்கும், ஒன் சேலை ஒண்ணு குடும்மா' என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாளே, அது. வெங்காயக் காட்டுக்குக் கட்டிக் கட்டி நைந்த சேலை. அம்சவள்ளி கையைத் தூக்கினாள். அதற்குள் ஒரு சுவர் வந்து மறைத்துவிட்டது.

அய்யம்பெருமாளும் பார்த்திருந்தார். அவருக்கும் அந்தச் சேலை தெரியும். தலைக்கு மேல் ஒரு ஏரோப்ளேன் இரைந்துகொண்டு இறங்கியது. அவர் நிமிரவில்லை.

"இதுக்குத்தான் எடது பக்கம் குந்துனியா?"

அவள் நெற்றியில் பதிந்த கம்பித் தடத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"தாம்பரத்துல எறங்கி வேற டிக்கெட்டு எடுத்துத் திரும்புவோம். அப்ப வலது பக்கம் வரும். மொதல்லியே போயி எடம் புடி."

பிடித்தாள். ஆனால் திரும்பி வரும்போது கொடிக்கயிறு வெறுமனே கிடந்தது. பொழுது சாய்கிறது, பனி விழுவதற்குள் சம்பந்தியம்மா துணியை எடுத்திருப்பாள். நல்ல பொம்பளைதான், கருத்தாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். அதை நினைத்ததும்தான் தாங்கவில்லை. வண்டி பழவந்தாங்கலில் நின்றதும், "ஏ புள்ள, எங்க?" என்று அவர் எழுவதற்குள் இறங்கிவிட்டாள்.

"வூட்டுக்குப் போவல, பயப்படாதீங்க," என்றாள் பிளாட்பாரத்தில் நின்று. "ஒரு ரூவா குடுங்க. கொரல மட்டும் கேட்டுக்கறேன். கொரலுக்குத் தீட்டு உண்டுன்னு எவனும் சொல்லல."

அவர் சட்டைப்பையைத் துழாவினார். "இங்க இருக்கோம்னு சொல்லிடாத. சாவையும் சொல்லிடாத."

"நான் என்னா சின்னப் புள்ளையா?"

டீக்கடை ஓரத்தில் மஞ்சள் பெட்டிப் போன். நம்பரை அவர்தான் அழுத்தினார்.

"அலோ?" என்றாள் பிரவீணா. அலுத்த குரல்.

"தங்கம், அம்மா பேசறேன்."

"அம்மா! கெளம்பிட்டியாம்மா? எந்த பஸ்ஸு? அவர ஸ்டாண்டுக்கு அனுப்புறேன்."

"இல்ல சாமி. அறுப்பு விழுந்துருச்சு. ஆளு கெடைக்கல. வெங்காயம் மண்ணுலயே கெடக்கு."

அம்சவள்ளி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு வாரம், ஓடி வந்துடுறேன்."

"ரெண்டு வாரமா? அப்ப வெங்காயந்தான் பெருசா ஒனக்கு."

"அப்புடிச் சொல்லாதடி."

"பின்ன எப்புடிச் சொல்ல? எல்லாத்தையும் அத்தைதான் பாக்குது. நேத்திக்கு ஒரம்பரையா வந்த சொந்தக்காரங்க, 'பெத்தவ இன்னும் எட்டிப் பாக்கலியா'ன்னு கேட்டாங்க. அத்த ஒண்ணுஞ் சொல்லல. எனக்குத்தான் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியல. நான் ராத்திரியெல்லாம் ஒன்னத்தான் நெனைச்சிட்டுக் கெடக்கேன்."

அம்சவள்ளி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அய்யம்பெருமாள் பக்கத்தில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்போது போனுக்குள்ளே, தூரத்தில், ஒரு அழுகை கேட்டது. பூனைக்குட்டி மாதிரி.

"அதா? பாப்பாவா அது?"

"ம். முழிச்சிக்கிச்சு. தூக்கணும்."

"கொஞ்சம் இரு. ஒரு நிமிசம் அழுவட்டும், கேட்டுக்கறேன்."

கேட்டாள். பிரவீணாவின் குரல் இளகியது. "நீ இப்ப எங்கம்மா இருக்க? சாப்புட்டியா?"

"எங்க இருப்பேன். அம்மாக்கண்ணு வூட்டு போன்லேருந்துதான் பேசறேன். இப்பத்தான் காட்டுலேருந்து..."

தாம்பரம் வண்டி ஊதிக்கொண்டு வந்தது. அய்யம்பெருமாள் குறுக்கே வந்து, ரயிலை முதுகால் தடுத்துவிடலாம் என்பதுபோல் நின்றார். அம்சவள்ளி சற்றுத் தாமதமாகத்தான் போன் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். பெட்டி பெட்டியாகத் தடதடத்து, நின்று, ஆள் இறக்கி, மறுபடியும் ஊதிக்கொண்டு கிளம்பி அது போனது. கையை எடுத்தாள். அந்தப் பக்கம், மூணாவது மாடியில், டம்ளர்கள் ஆடி அடங்குகிற சத்தம். குழந்தைகூட அழுகையை நிறுத்தியிருந்தது.

"அம்மா... நம்ம அரும்பாவூர்ல ஏதும்மா ரயிலு?"