இடது கையில் சிவப்புப் பட்டை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிற ஸ்டீம் பிரஸ்ஸில் நிற்பவள் அவள்தான். அதுதான் இப்போது வினையாகப் போயிற்று.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வாளர் மூன்று மாதமாக, வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்ததும் அவளையும் சேர்த்து ஆறு சலவைப் பெண்களோடு உட்கார்ந்தார். கழித்துப்போட்ட படுக்கைவிரிப்பில் ஒருத்தி படுத்துக்கொள்வாள், இன்னொருத்தி அவளைச் சுற்றிக் கோடு இழுப்பாள். பிறகு அந்த உருவத்தில் அவரவருக்கு வலிக்கிற இடத்தில் சாயம் பூசுவார்கள். "நான் கேள்வி கேக்குறது, நீங்க பதில் சொல்றதுன்னு இல்ல. இந்த ஆய்வு நம்ம எல்லாரோடதும்தான்," என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவள் தன் உருவத்தின் இடது முன்கையில் சிவப்பாக ஒரு பட்டை தீட்டினாள். பிரஸ்ஸில் கை சுடாமல் காக்கும் தடுப்பு உடைந்து எட்டு மாதமாகியிருந்தது. கை சுட்ட அன்று சூப்பர்வைசரிடம் காட்டியபோது, "பாத்து செய்யத் தெரியாதா?" என்று கேட்டதோடு சரி. பட்டையைத் தீட்டி முடித்ததும் அவளுக்கு மனசு லேசாயிருந்தது.

விரிப்புகளைக் கண்காட்சியாக மாட்டப் போகிறார்கள், பார்க்க சூப்பர்வைசரும் வருகிறார் என்று கேள்விப்பட்ட இரவு அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அடுத்த மாதம் அவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

"அதான் படத்துல பேரு போடலியே," என்றான் கணவன்.

"பேரு எதுக்கு? பிரஸ்ல நிக்கிறது யாருன்னு ஊருக்கே தெரியும்."

அவனும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

மறுநாள் கண்காட்சிக் கூடத்தில் விரிப்புகளை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஆய்வாளரிடம் போய் நின்றாள். "மேடம், என்னோடத மட்டும் எடுத்துடுங்க."

ஆய்வாளரின் முகம் வாடியது. நடுவில் தொங்கியதே அதுதான். ஆனாலும் ஏணியில் ஏறி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். "உங்க முடிவுதான். காரணம்கூட சொல்ல வேண்டாம்."

"கொஞ்சம் இருங்க மேடம்," என்றாள் ஆறு பேரில் ஒருத்தியான, துணி மடிக்கிற அக்கா. எல்லாரும் திரும்பினார்கள். அக்கா தன் சட்டைக் கையைச் சுருட்டினாள். அதே இடத்தில் பழுத்து ஆறிய தழும்பு. "நீ லீவுல இருந்தப்போ ரெண்டு நாள் பிரஸ்ல நான்தான் நின்னேன். பயந்துகிட்டு வரையாம விட்டுட்டேன்."

"எனக்கும் ஒருநாள் பட்டுச்சு," என்றாள் துணி அலசுகிற தண்ணீர்ப் பக்கம் நிற்பவள், யாரையும் பார்க்காமல்.

ஆய்வாளர் சிவப்புச் சாயத்தை எடுத்து வந்தார். "நடந்ததை மட்டும் வரையுங்க," என்றார். இரண்டு விரிப்புகளில் புதிதாகப் பட்டை ஏறியது. அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, தன்னுடையதும் இருக்கட்டும் என்றாள்.

கண்காட்சி அன்று சூப்பர்வைசர் கைகட்டி நின்று மூன்றையும் பார்த்தார். "இது யாரு வரைஞ்சது?"

மடிப்பு அக்காதான், "நாங்கதான் சார்," என்றாள். அவர் வெளியே போனார்.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்து புதுத் தடுப்பு மாட்டினான். ஒப்பந்தம் பற்றி மட்டும் யாரும் எதுவும் பேசவில்லை. அலுவலகக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஒப்பந்தக் கடிதங்கள் பத்து நாள் தாமதமாக வந்தன. தன்னுடையதைப் பிரிக்கத் துணிவில்லாமல் மடிப்பு அக்காவிடம் நீட்டினாள்.

"இன்னும் ஒரு வருஷத்துக்குப் போட்டிருக்குடி."

"இன்னொரு தடவ படி அக்கா."