மாந்தோப்பில் இறங்கிய அணில்

செண்பகத்தோப்புக்கு அணில் பார்க்கப் போகிறவன் வேட்டை நாயையும் கூட்டிக்கொண்டு போவானா? பாலகணேஷ் போனான். ராஜபாளையத்துக்காரன், தன் வெள்ளை நாய் இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டான். அருகிவரும் சாம்பல் நிற அணிலைக் காப்பாற்றத்தான் அந்தச் சரணாலயமே இருக்கிறது. வாசலில் வாட்சர் மலைச்சாமி நாயை உள்ளே விட முடியாது என்றதும் இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜீப்பைத் திருப்பி, காட்டை ஒட்டியிருந்த சிநேகிதனின் மாந்தோப்புக்குள் விட்டான். அங்கேயும் அதே அணில்தானாம். கூட வந்திருந்த பாலகணேஷின் பெண்டாட்டி அனுசியா நாயின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

அணில் மாங்காயைத் தின்றுவிடுகிறதென்று, காட்டுமரங்களைத் தொட்ட கிளைகளையெல்லாம் அந்தச் சிநேகிதன் காலையில்தான் வெட்டிப் போட்டிருந்தான். நரைத்த முதுகும் முழ நீள வாலுமாக ஒரு தாய் அணில் மாமரத்தில் மாட்டிக்கொண்டு கத்தியது. எதிரே காட்டுப் புளியமரத்தில் அதன் கூடு. கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தது குட்டி. மரம் விட்டு மரம் தாவியே பிழைக்கிற பிராணி இனித் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். நாயை ஜீப்பில் அடைத்துவிட்டு இருவரும் தள்ளிப் போய்விடலாம் என்றாள் அனுசியா.

அவன் காதில் வாங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாவைப் பிட்டு மரத்தடியில் வைத்து, செல்போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வீட்டு வேப்பமரத்து அணில் தின்னும்போது இது தின்னாதா என்பது அவன் வாதம். கூறுகெட்டவன்.

அணில் இறங்கியது. பால்கோவாவை மோந்துகூடப் பார்க்கவில்லை. புளியமரத்தைப் பார்த்து ஓடியது. நாய் பாய்ந்தது.

"விடுட்டி அவன. சும்மா வெரட்டத்தான் செய்வான்," என்றான் பாலகணேஷ், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் விடவில்லை. குப்புற விழுந்தாள், சரளைக்கல்லில் இழுபட்டாள், மணிக்கட்டில் சுற்றிய சங்கிலி தோலை உரித்தது. அணில் புளியமரத்தில் ஏறிய பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

அவன் ஓடிவந்தான். ஓடிவந்து நாயின் கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"கழுத்து எம்புட்டு செவந்துபோச்சு பாரு. கொஞ்சம் விட்டுப் பிடிக்கக்கூடாதா?"

சங்கிலியை அவன் கையில் திணித்துவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்டச் சரணாலய வாசலுக்கு நடந்தாள். வெட்டிய கிளை, பால்கோவா, நாய் என்று ஒன்று விடாமல் மலைச்சாமியிடம் சொன்னாள். அவர் நோட்டை எடுத்து, நாயைக் கொண்டுவந்த ஆளின் பேர் என்ன என்று கேட்டார்.

கல்யாணமான ஒன்பது வருஷத்தில் புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடக் கார்டைத்தான் நீட்டுவாள்.

"பாலகணேஷ்," என்றாள். "நல்லா கொட்ட எழுத்துல எழுதுங்க அண்ணாச்சி."