கிளாராவுக்கு முன்னால் ஓர் இலை

1

எங்கிருந்து எடுத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே இருந்த அம்மா, முட்டையையும் முட்டைக்கோஸ் பொரியலையும் இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, வெறும் சோற்றை நிதானமாக மென்றுகொண்டிருந்தார். "அந்தம்மாவுக்கு வயித்துல பை வச்சிருக்கு" என்று பக்கத்து இலைக்காரர் என் காதில் சொன்னார். எனக்குத் தெரிந்தது அம்புட்டுத்தான். கிளாரா என்ற பெயர் உட்பட மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "மதுரை ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கிளாராவின் இடப்பக்க வயிற்றில்—"

வேண்டாம். ஆஸ்பத்திரியில் தொடங்கினால் வாசகர் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்பார்.

இரண்டாவது: "மலம் என்று எழுதக் கூசுகிற நாம்—" இது கட்டுரைக்குப் போகிற வழி. அடித்துவிட்டேன்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். புற்றுநோய்க்காகக் குடலின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சக் குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறது. மலம் அதில் சேரும், காற்றும் அதில்தான் வரும். அந்தப் புது வாய்க்கு அடக்கிக்கொள்ளத் தெரியாது. கோயில், பஸ், துக்க வீடு எதுவும் அதற்குக் கணக்கில்லை.

(வயிற்றுக்கு என்ன ஒத்துக்கொள்ளும் என்பதைக் கிளாரா தின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். முட்டை தின்றால் வாடை. கோஸ், மொச்சை, பச்சை வெங்காயம் எல்லாம் காற்று. காரம் கூடினால் இளகும், சிறுமலை வாழைப்பழம் தின்றால் கட்டும். பக்கத்து வீட்டு அம்பிகாவுக்கும் இதே பைதான். ஆனால் அவள் மொச்சைக் குழம்பை வழித்துத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறாள். இந்த அநியாயத்துக்கு யாரிடம் போய் வழக்குச் சொல்வது?)

3

இப்போது கதை. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் பூசை முடிந்து, திண்டுக்கல்லிலிருந்து தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கார் போகிறது. கிளாராவும் அவள் கணவர் இஞ்ஞாசியும் மகன் ஜெரோமும் உள்ளே இருக்கிறார்கள். ஜெரோமுக்குப் பார்த்த பெண் அறிவுச்செல்வி. இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. இன்று கை நனைக்கும் நாள்.

வழக்கம் தெரியாதவர்களுக்கு: சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காப்பி குடிப்பார்கள், மிக்சர் கொறிப்பார்கள், சோற்றில் கை வைக்க மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் தாய் சாப்பிடுகிறாளா என்று எல்லாக் கண்ணும் பார்க்கும்.

கிளாரா நேற்று மதியத்திலிருந்து எதுவும் தின்னவில்லை. உள்ளே போகாவிட்டால் வெளியே வராது என்பது அவள் கணக்கு. பட்டினி கிடந்தால் காற்று இன்னும் அதிகமாகத்தான் வரும், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாக மென்று சாப்பிடுங்கள் என்று மதுரை நர்ஸ் நர்கீஸ் தலைப்பாடாய் அடித்துக்கொண்டதுதான். கிளாராவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டதுதான்.

"ஏங்க, நான் ஒருசந்தி விரதம்னு சொல்லிரவா?" என்றாள் காரில்.

"என்னத்தையும் சொல்லிக்க. பையைப் பத்தி மட்டும் மூச்சு விடாத. வத்தலக்குண்டுக்காரவுக என்ன செஞ்சாகன்னு மறந்துட்டியா?"

வத்தலக்குண்டுக்காரர்கள், புத்துநோய்க் குடும்பத்தில் பெண் கொடுக்க மாட்டோம் என்று போன் பண்ணிச் சொன்னவர்கள். அன்றைக்கு ஜெரோம் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போனான். கிளாராவுக்கு அவன் முதுகைப் பார்க்கத்தான் முடியவில்லை.

4

[இஞ்ஞாசியை நான் இன்னும் நம்பவில்லை. முதல் வரைவில் அவர் தங்கமான மனுஷன். மனைவியின் பையை மாற்றிவிட்டுப் பாட்டு வேறு பாடினார். பாட்டை எடுத்துவிட்டேன். இப்போது பையை மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஆனாலும் மாற்றிவிடுகிறார். இந்த ஆள் கொஞ்சம் உண்மையாக இருக்கிறார்.]

5

பெண் வீட்டில் இறங்கியதும் வெயிலுக்கு இதமாக ஆளுக்கொரு கலர் சோடா பாட்டில் கொடுத்தார்கள். மறுக்க முடியாமல் கிளாரா பாதியைக் குடித்துவைத்தாள். வெறும் வயிறு, அதில் கலர். நர்கீஸ் பார்த்திருந்தால் கொன்றே போட்டிருப்பாள்.

பந்தியில் இலை போட்டார்கள். சீரகச் சம்பா பிரியாணி, முட்டை, வெங்காயப் பச்சடி, கோஸ் பொரியல், வெள்ளைச் சோறு, தயிர். வாசனை பட்டதும் கிளாராவுக்குப் பசியில் அழுகை வந்துவிட்டது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "எனக்கு இன்னிக்கு ஒருசந்தி சம்பந்தி, தப்பா நெனைக்காதீக" என்றாள்.

பெண்ணின் தாய் லூர்தம்மாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"ஏனுங்க சம்பந்தியம்மா, ஞாயித்துக்கெழமைல என்னங்க ஒருசந்தி? எங்க பங்குக் கோயில்ல அப்படி ஒரு வழக்கமே இல்லீங்களே."

கிளாராவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் பூசை பார்த்துவிட்டு வந்தவள், கிழமையை மறந்து பொய் சொல்லியிருக்கிறாள்.

பெண்ணின் தகப்பன் அந்தோணிமுத்து தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "புடிக்கலீன்னா நேராச் சொல்லிப்போடுங்க. இலை போட்டதுக்கப்புறம் இப்படிப் பண்ணாதீங்க."

இஞ்ஞாசி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரோம், "அம்மா" என்று மட்டும் சொன்னான். கதவருகே அறிவுச்செல்வியின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கிளாரா சாப்பிடுகிறாள், வயிறு சமர்த்தாக இருக்கிறது, தாம்பூலம் மாற்றுகிறார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் நேற்றைய பட்டினியையும் அந்தக் கலரையும் உள்ளே அனுப்பியது நானே. இப்போது அவை அங்கே இல்லை என்று சாதிக்க முடியாது.

இரண்டு: அறிவுச்செல்வி எல்லாவற்றையும் குறிப்பால் உணர்ந்து, "அத்தைக்கு இது போதும்" என்று ரசஞ்சோறு கொண்டுவந்து— பாவம், அந்தப் பிள்ளை கல்யாணம் பண்ணிக்கொள்ளத்தான் வந்தாள். அவளை ஏன் தெய்வமாக்க வேண்டும்?

மூன்று: "சம்பந்தி, எனக்குப் புத்துநோய் வந்து—" இந்த வாக்கியத்தில் நெடுநேரம் நின்றேன். அவள் உடம்பு, எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவள் பாடு. எனக்கு முடிவு வேண்டும் என்பதற்காக அவளைச் சொல்லவைப்பது அக்கிரமம்.

7

ஆகவே நடந்தவரை எழுதுகிறேன்.

"தண்ணி ஊத்துங்க" என்று கிளாரா கையை நீட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு, வெள்ளைச் சோற்றில் தயிரைப் பிசைந்து முதல் வாயை எடுத்து வைத்தாள். மெதுவாக மென்றாள். அந்தோணிமுத்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். லூர்தம்மாள், "இன்னுங் கொஞ்சமுங்க" என்று குனிந்தாள். ஜெரோம் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான்.

இரண்டாவது வாயில் அந்தச் சத்தம் வந்தது. சேலைக்குள்ளிருந்து, நீளமாக, ஒளிவுமறைவில்லாமல். பந்தியில் கைகள் இலையிலேயே நின்றன.

அவளுக்குப் பக்கத்து இலையில், பெண்ணின் பெரியம்மாவாகவோ சித்தப்பாவாகவோ, உங்களைத்தான் உட்காரவைத்திருக்கிறேன். இன்னும் யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் அடுத்தவர் என்ன செய்வார் என்று காத்திருக்கிறார்கள். உங்கள் முகத்தை என்னால் எழுத முடியாது. கிளாரா கையில் சோற்றோடு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.