பன்னிரண்டு சென்டிமீட்டர் வறட்சி

ஏரிச் சேற்றின் நூற்றுமுப்பதாவது சென்டிமீட்டரைத் திறந்த அன்று ஆய்வகத்துக்குள் பிடித்த மழை பதினோரு நாள் விடவில்லை. வெளியே நல்ல வெயில். ஊழியர்கள் குடையோடு வந்தார்கள். நுண்ணோக்கிகளுக்கு பிளாஸ்டிக் உறை போடச் சொல்லி நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியது. மகரந்தம் எண்ணுகிறவள் குறிப்பேட்டில் எழுதியது ஒரே வரிதான்: ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நல்ல மழை, கோரை மகரந்தம் ஏராளம்.

ஏரியடியில் வருடத்துக்கு ஒரு நூல் கனம் சேறு படியும். அந்தந்த வருடத்து மரங்களின், புற்களின் மகரந்தம் அதில் அகப்பட்டுக்கொள்ளும். இந்த ஏரியில் வானிலையும் கூடவே அகப்பட்டிருந்தது, அவ்வளவுதான். தெப்பத்தில் நின்று குழாய் இறக்கி மூன்று மீட்டர் சேற்றை உருவியெடுத்தவர்கள் அவளும் அவள் கணவனும். அவன்தான் ஆய்வகத் தலைவன். அங்கே ‘சார்’, வீட்டில் ‘என்னங்க’; இருபது வருடத்தில் அவள் ஒருமுறைகூட மாற்றிக் கூப்பிட்டதில்லை. எடுத்த சேற்றை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை வேலைக்கும் மறுபாதியைச் சாட்சிக்கும் வைப்பார்கள். சாட்சிப் பாதியைத் திறக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.

ஏரிக்கரையில் நாற்பதாயிரம் வீடுகள் வரப்போகின்றன, எல்லாவற்றுக்கும் ஏரித்தண்ணீர்தான், இந்த ஏரி எப்போதாவது வற்றியதுண்டா என்று வீடு கட்டுகிறவர்கள் ஆய்வகத்தைக் கேட்டிருந்தார்கள். வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போன அவள் தங்கையும் அதையேதான் கேட்டாள். “நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா. இருக்கறதையெல்லாம் வித்து வாங்கிடறேன்.”

அந்த வருடம் தெருவெல்லாம் மழை பெய்தது, அவளும் கணவனும் இருந்த வீட்டு மாடியில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. துவைத்த துணி ஐந்தே நிமிடத்தில் காய்ந்தது. அவளுக்குச் சந்தோஷம்தான், பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டாள். பிறகு ஜக்கில் ஊற்றிவைத்த தண்ணீர் காலையில் காணாமல் போனது, சோப்பு வெடித்தது, உதடும் வெடித்தது. கணவன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எட்டு மாதத்தில் அவள் மூன்று மீட்டரையும் எண்ணி முடித்தாள். எந்த அடுக்கிலும் வறட்சி இல்லை. “வத்தவே இல்லடி, தைரியமா வாங்கு,” என்றாள். தங்கை வாங்கினாள்.

தங்கை குடியேறிய மறுவாரம், இவள் தன் வீட்டில் போர்வை தேடி அலமாரியைக் குடைந்தபோது பொட்டலம் அகப்பட்டது. வெடித்த சேறு, இரண்டு துண்டு, பாதிக்கொன்று. மேலே அவன் கையெழுத்தில் சீட்டு: ஆழம் 201 முதல் 213 வரை, தேதி, மேல்பக்கம் எது என்பதற்கு அம்புக்குறிகூட. அயோக்கியத்தனத்திலும் ஒரு ஒழுங்கு! வெட்டிய இடத்தை ஒட்டவைத்து, கீழே இருந்ததற்கெல்லாம் புது எண் போட்டிருக்கிறான். சாட்சிப் பாதியைத் திறக்க இரண்டாவது கையெழுத்து அவளுடையதுதான். முன்பொருநாள் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது “இதுல ஒண்ணு போடும்மா” என்று நீட்டினான், இடது கையால் போட்டுக் கொடுத்தாள். புருஷன் நீட்டுகிற தாளை யார் படித்துப் பார்க்கிறார்கள்?

அவன் மறுக்கவில்லை. “ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துல வெறும் நூறு வருஷம் வறட்சி. அதுக்காக ஒரு ஊரையே நிறுத்தணுமா?”

“அப்புறம் இதை ஏன் வீட்ல வச்சிருக்கீங்க?”

“சேம்பிளாச்சே. தூக்கிப்போட மனசு வரல.”

“இந்தச் சேத்தைத் தூக்கிப்போட மனசு வரல. என்னை ஏமாத்த மட்டும் வந்துச்சா, சார்?”

அழத்தான் பார்த்தாள், கண்ணீர் இமைக்குள்ளேயே காய்ந்துபோனது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். அவள் படியிறங்கியதும் அந்த மாடியில் மழை பிடித்துக்கொண்டது.

அவள் எழுதிய புகாருக்கு, ஆவணத்தில் தங்கள் கையெழுத்தே உள்ளது என்று பதில் வந்தது. தங்கை சண்டை போடவில்லை. “உன்ன நம்பித்தானேக்கா வாங்கினேன்,” என்று ஒரு தடவை சொன்னாள், அதோடு சரி. அடுத்த கோடைகளில் ஏரி கரையை விட்டு உள்ளே போகத் தொடங்கியது. தங்கை வீட்டுக்கு எதிரே ஓர் அறை பிடித்து அவள் பொட்டலத்தோடு இருந்துகொண்டாள். மழைக்காலத்தில் அந்தத் தெருக்காரர்கள் ஈரத்துணியை அவள் அறைக்குக் கொண்டுவருவார்கள், காய்ந்ததும் எடுத்துப்போவார்கள். அழ வேண்டும்போல இருக்கிற அன்று மட்டும் பொட்டலத்தைத் தங்கை கையில் கொடுத்துவிட்டுத் தெருமுனைவரை போய்வருவாள். தங்கையும் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்வாள்.